திறன் குறைந்த வெட்டு

காலை ஒன்பது நாற்பதுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தேவராசா எட்டேகாலுக்கே போய்விட்டார். ஒரு நிமிடம் பிந்தினாலும் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கொள்ளப்படும் என்று கடிதத்தில் இருந்தது. அவர் இருந்த குட்மேய்ஸிலிருந்து லூயிஷாமுக்கு வரும் ரயில்களை நம்ப முடியாது.

கட்டடத்தின் வெளியே பெயர் இல்லை. உள்ளே இருந்தது: தழும்புச் சான்று அலகு. தஞ்சம் கேட்டு வந்தவர்களின் உடம்பில் உள்ள தழும்புகள் அவர்கள் சொல்லும் விதமாகத்தான் வந்தனவா என்று தீர்மானிப்பது அந்த அலகின் வேலை. சுவரில் ஒரு பெரிய படம். கடற்கரையில் யாரோ இரண்டு கைகளையும் விரித்து நின்றார்கள். கீழே, ‘உங்கள் உடல் பேசுகிறது. நாங்கள் கேட்கிறோம்.’

தேவராசா தஞ்சம் கேட்டு மூன்று வருடம் நாலு மாதம் ஆகியிருந்தது.

அதிகாரியின் பெயர் ஹாலோவே. முப்பது வயதிருக்கும். மேசையில் கண் துடைக்க ரிஷூப் பெட்டி ஒன்றை தேவராசாவின் பக்கம் தள்ளி வைத்துவிட்டுத் தொடங்கினார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் சிவரூபினி. சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும், ஆறுதல் சொல்லக்கூடாது, தலையாட்டக்கூடாது. இவை அவருக்கான விதிகள். அவற்றையும் அவரே மொழிபெயர்த்துச் சொன்னார்.

“என்னத்தாலை வெட்டினவை எண்டு கேக்கிறார்.”

“கொக்கச்சத்தகம்” என்றார் தேவராசா.

“அது என்னெண்டு சொல்லுங்கோ.”

“ஆட்டுக்குக் குழை வெட்டுறது, தங்கச்சி. நீளத்தடி. நுனியிலை வளைஞ்ச கத்தி. என்ரை வீட்டுச் சத்தகம்தான். வேலியிலை சாத்தி வைச்சிருந்தனான். வந்தவங்களிலை ஒருத்தன் தடியை முழங்காலிலை குடுத்து முறிச்சான். மிச்சத்தை ரெண்டு கையாலையும் பிடிச்சு என்ரை தோளிலை கொழுவி இழுத்தவன்.”

ஹாலோவே கணினித் திரையைப் பார்த்தார். திரையில் ஒரு பட்டியல். துப்பாக்கி, இரும்புக் கம்பி, சிகரெட், வயர், கத்தி. கத்தியை அழுத்தினால் மூன்று வகைகள் விரிந்தன. ஒரு கை, நேர். ஒரு கை, வளைவு. இரு கை, வளைவு (பண்டைக் காலம்). முன்பு ‘மற்றவை’ என்றும் ஒன்று இருந்ததாம். எல்லோரும் அதையே தேர்ந்தெடுத்ததால் தரவு கெட்டுப்போய், அதை எடுத்துவிட்டார்களாம்.

“ஒரு கையால் பிடித்திருக்கலாமா?” என்று கேட்டார் ஹாலோவே. குரலில் கருணை இருந்தது.

“ஏலாது. பாரம்.”

“நன்றாக யோசித்துப் பாருங்கள்.”

“ரெண்டு கையாலைதான் பிடிச்சவன். பார்த்தனான்.”

ஹாலோவே பெருமூச்சு விட்டு மூன்றாவதை அழுத்தினார்.

பிறகு சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். ஒரு பெண் வந்து அளவுகோலை முதுகில் வைத்துப் படம் எடுத்தார். இடது தோளின் மேலிருந்து முதுகுக்குக் குறுக்கே முப்பத்தொரு சென்ரிமீற்றர். இடது கை தோளுக்கு மேலே எழும்புமா என்று கேட்டார்கள். எழும்பாது. குறித்துக்கொண்டார்கள். அறையில் ஹீற்றர் வேலை செய்யவில்லை.

“என்னை வெட்டினவை இன்னும் ஊரிலைதான் இருக்கினம்” என்றார் தேவராசா, சட்டையைப் போட்டபடி. “போன மாசமும் தம்பி வீட்டை வந்தவை. நான் எப்ப வாறனெண்டு கேட்டவை.”

சிவரூபினி அதை ஆங்கிலத்தில் சொன்னார்.

“அது எதிர்கால ஆபத்து” என்றார் ஹாலோவே. “அது வேறு அலகு. இரண்டாம் மாடி. எங்கள் முடிவு கிடைத்த பிறகுதான் அவர்கள் கோப்பைத் திறப்பார்கள்.”

வெளியே பஸ் தரிப்பிடத்தில் சிவரூபினி நின்றார். தேவராசா கிட்டப் போனார். அவர் ரெலிபோனைப் பார்த்தபடியே சொன்னார்.

“அண்ணை, வெளியிலை என்னைக் கண்டா கதைக்காதேங்கோ. உள்ளையிருந்து பாப்பினம். வேலை போயிடும்.”

தேவராசா அடுத்த தரிப்பிடத்துக்கு நடந்தார்.

பதினொரு நாள் கழித்துக் கடிதம் வந்தது. தேவராசா இருந்த வீட்டில் அடுத்த அறைக்காரனான வாசுதேவன் பிரித்து வாசித்தான். குட்மேய்ஸில் ஒரு தமிழ்க் கடையில் மரக்கறிப் பக்கம் பார்ப்பவன். பத்து வருடம் பிரான்சில் இருந்துவிட்டு வந்தவன். எந்த நாட்டுக் கடிதத்தையும் நின்றபடியே வாசிப்பான். இதற்கு உட்கார்ந்தான்.

“அண்ணை, நூற்றி ஆறாம் ஆண்டு எங்கை நிண்டனீங்கள்?”

“என்ன?”

“கி.பி. நூற்றி ஆறு. கேட்டிருக்கிறாங்கள். டேசியா எண்டொரு நாடாம். அங்கத்தையான் ஆக்கள்தான் ரெண்டு கையாலை பிடிக்கிற வளைஞ்ச வாள் வைச்சுச் சண்டை பிடிச்சவையாம். நூற்றி ஆறிலை ரோமர் நாட்டைப் பிடிச்சாப்பிறகு அந்த ஆயுதம் இல்லையாம். அதாலை வெட்டினதெண்டால் நீங்கள் அந்தக் காலத்திலை எங்கை இருந்தனீங்கள் எண்டு ஆதாரத்தோடை சொல்லட்டாம்.”

“நான் எழுபத்தாறிலை பிறந்தனான்.”

“ஆர் உங்களைக் கொக்கச்சத்தகம் எண்டு சொல்லச் சொன்னது? சும்மா கத்தி எண்டு சொல்லியிருந்தா போன கிழமையே முடிஞ்சிருக்கும். வந்த இடத்திலை எல்லாரும் பொய் சொல்லி மாட்டுப்படுறாங்கள். நீங்கள் ஒருத்தர்தான் உண்மையைச் சொல்லி மாட்டுப்பட்ட ஆள்.”

“ஆயுதம் அதுதானே.”

“ஓம், அதுதான். பெரிய அரிச்சந்திரன். இப்ப ரோமாபுரிக்குப் பதில் எழுதுங்கோ.”

பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியை அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் பதில் வந்தது. பத்திரம் விண்ணப்பதாரர் 1976இல் பிறந்ததைக் காட்டுகிறது. அதற்கு முன் பிறக்கவில்லை என்பதைக் காட்டவில்லை. விண்ணப்பதாரர் தம்மை இந்து என்று கூறியுள்ளார். முற்பிறவி குறித்த அவருடைய நம்பிக்கையை அலகு மதிக்கிறது. ஆகவே இந்தக் கேள்வி திறந்தபடியே வைக்கப்படுகிறது.

அதே கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், தாக்கிய கருவியையோ அதைப் போன்ற ஒன்றையோ மதிப்பீட்டுக்காக நேரில் ஒப்படைக்கும்படி கேட்டிருந்தார்கள். மூன்றாம் பக்கத்தில், கூரான எதையும் கட்டடத்துக்குள் கொண்டுவருவது குற்றம், காவல்துறை அழைக்கப்படும், அது விண்ணப்பதாரரின் நன்னடத்தைப் பதிவைப் பாதிக்கும் என்று இருந்தது.

“கொண்டுபோனா மறியலிலை போடுவாங்கள். கொண்டுபோகாட்டி ஒத்துழைக்கேல்லை எண்டு எழுதுவாங்கள்” என்றான் வாசுதேவன்.

கடையிலிருந்து வாழைப்பழப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தான். குசினி மேசையில் வைத்து தேவராசா காட்போட்டில் சத்தகத்தின் வடிவத்தை வெட்டினார். வளைவைச் சரியாகக் கொண்டுவர இரண்டு மணித்தியாலம் எடுத்தது. தடிக்கு, வீடு கூட்டும் தும்புத்தடியின் பிடி. வெட்டி முடித்ததும் அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேசையில் குப்புற வைத்தார்.

“என்னண்ணை?”

“ஒண்டுமில்லை. அப்பிடியேதான் இருக்கு.”

வாசலில் காவலாளி அதைப் பிளாஸ்ரிக் தட்டில் வைத்து ஊடுகதிர்க் கருவிக்குள் அனுப்பினார். மறுபக்கம் வந்தது. அவர் தன் மேலதிகாரியை அழைத்தார். மேலதிகாரி கையுறை போட்டுக்கொண்டு வந்து, காட்போட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். தேவராசாவைச் சுவரோரம் நிற்கச் சொன்னார்கள். அரை மணி நேரம் கழித்து ஒரு பற்றுச்சீட்டுக் கிடைத்தது. ‘ஆயுதம், ஒன்று. காட்போட். வாழைப்பழம் என்று அச்சிடப்பட்டுள்ளது.’

ஏப்ரல் மாதம் கருவிகளைச் சோதிக்கும் நாள். விண்ணப்பதாரர் நேரில் பார்க்க உரிமை உண்டு என்றும், வராவிட்டால் அது அவருக்கு எதிராகக் கருதப்படும் என்றும் எழுதியிருந்தார்கள்.

கீழ்த்தளத்தில் வெள்ளைப் பீங்கான் ஓடு பதித்த அறை. உள்ளே போகுமுன்பே மணம் வந்தது. நடுவில் ஒரு முழுப் பன்றி கொக்கியில் தொங்கியது. மயிர் மழிக்கப்பட்டிருந்தது. கழுத்தில் ஓர் அட்டை. அட்டையில் தேவராசாவின் விண்ணப்ப இலக்கம்.

பதினைந்து பேர் கதிரைகளில் இருந்தார்கள். சிலர் சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மற்ற அலகுகளிலிருந்தும் ஆட்கள் வந்திருப்பதாகவும், வழக்கமாக இப்படி வருவதில்லை என்றும் ஹாலோவே பெருமையோடு சொன்னார். ரிஷூப் பெட்டியும் கீழே கொண்டுவரப்பட்டிருந்தது.

“சட்டையைக் கழட்டிப்போட்டுப் பன்றிக்குப் பக்கத்திலை நிக்கட்டாம்” என்றார் சிவரூபினி. அவருடைய கைக்குட்டை மூக்கில் இருந்தது. “ஒப்பிட்டுப் பாக்கிறதுக்கு.”

தேவராசா நின்றார். பன்றி குளிர்ந்திருந்தது. கதிரைகள் நெருக்கமாக இருந்ததால் அதன் விலா அவருடைய முழங்கையில் முட்டியது. அவர் கோவிலுக்குப் போகிற ஆள். வெள்ளிக்கிழமை. விலக இடமில்லை.

பேராசிரியர் பெனிங்டன் வந்தார். பண்டைப் போர்க்கருவிகளைப் பற்றி நாற்பது வருடம் எழுதியவர். கணினியில் இருக்கும் பட்டியல் அவர் தயாரித்ததுதான். கையில் நீண்ட துணிப்பை. பையிலிருந்து இரு கை வளைவாளை எடுத்தபோது, தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்குவது போல அவருடைய முகம் மாறியது.

“நண்பர்களே, இதன் முன்னால் ரோமப் படை கால் பின்வைத்தது” என்று தொடங்கினார். “தலைக்கவசத்தின் மேல் குறுக்குச் சட்டம் அடிக்க வேண்டிய நிலைக்கு அவர்களைக் கொண்டுவந்தது இந்த வளைவு. கூர் உள்பக்கத்தில் இருக்கிறது. அதனால் கேடயத்துக்கு மேலாக எட்டிப் பின்னால் தோளைப் பிடிக்கும். ஈட்டி குத்தும், நேர்வாள் வெட்டும், இது அறுவடை செய்யும். இரண்டு கைகளின் பலமும் ஒரு புள்ளியில் இறங்கும்போது எலும்பு ஒரு தடையே அல்ல.”

சிவரூபினி தாழ்ந்த குரலில் சொன்னார். “தோளிலை கொழுவி இழுத்தா எலும்போடை வருமாம்.”

“ஓம்” என்றார் தேவராசா. “அப்பிடித்தான் இழுத்தவன்.”

அது பேராசிரியருக்குச் சொல்லப்பட்டது. அவர் வாளைத் தாழ்த்தினார்.

“அப்படி இழுத்திருந்தால், அப்படி இழுத்தான் என்று சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள். நான் உங்கள் மேல் கோபப்படவில்லை. ஆனால் நாற்பது வருடமாக நான் இந்தக் கருவிக்காக வாதாடுகிறேன். இதன் திறனைச் சந்தேகித்தவர்கள் எல்லோரும் இப்போது அமைதியாகிவிட்டார்கள். இந்த நேரத்தில் ஒருவர் வந்து, இதனால் வெட்டுப்பட்டேன், பிறகு விமானம் ஏறினேன் என்கிறார். இது என்னைப் புண்படுத்தவில்லை. கருவியைப் புண்படுத்துகிறது.”

கதிரைகளில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

பேராசிரியர் காலை அகட்டி நின்று, வாளை இரண்டு கையாலும் ஓங்கி, பன்றியின் இடது தோளில் கொழுவி இழுத்தார். தோள் காலோடு கழன்று தரையில் விழுந்தது. ஓட்டில் அது விழுந்த சத்தம் தேவராசாவுக்குத் தெரிந்த சத்தம். எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு பெண் வந்து விழுந்ததின் பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்தார். ஹீற்றர் அன்றைக்கு நன்றாக வேலை செய்தது.

அடுத்ததாக, ‘விண்ணப்பதாரர் தாமாகவே ஒப்படைத்த கருவி.’ வாழைப்பழப் பெட்டியில் செய்த சத்தகத்தைக் கையுறையோடு கொண்டுவந்தார்கள். பேராசிரியர் அதே இடைவெளியில், அதே கோணத்தில் நின்று, பன்றியின் வலது தோளில் இழுத்தார். காட்போட் மடிந்தது. மூன்று முறை செய்தார். மூன்று முறையும் மடிந்தது. மூன்று முறையும் படம் எடுத்தார்கள்.

“அது மாதிரிக்குச் செய்தது, தங்கச்சி. வடிவம் காட்டுறதுக்கு” என்றார் தேவராசா.

சிவரூபினி சொன்னார். ஹாலோவே எழுதிக்கொண்டார். ‘விண்ணப்பதாரர் கருவி குறித்த தமது நிலைப்பாட்டை மாற்றுகிறார்.’

கடைசியாக வாளை தேவராசாவிடம் நீட்டினார்கள். தாக்கியவன் எப்படிப் பிடித்தான் என்று செய்து காட்ட வேண்டும். வெட்டுப்பட்டவரின் இடத்தில் நிற்பதற்குப் பன்றி இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்றார் ஹாலோவே.

தேவராசா வாங்கினார். வலது கை உயர்ந்தது. இடது கை தோள்மட்டத்தில் நின்றது. அவர் பல்லைக் கடித்துத் தூக்கிப் பார்த்தார். வாள் ஒரு பக்கமாகச் சரிந்தது. காவலாளி ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

‘இரு கை வளைவாளைக் கையாளும் முறை விண்ணப்பதாரருக்குத் தெரியவில்லை’ என்று ஹாலோவே எழுதினார்.

வீட்டுக்கு வந்து தேவராசா மூன்று தரம் குளித்தார். வாசுதேவன் கதவைத் தட்டினான்.

“அண்ணை, வெளியிலை வாங்கோ. சோறு ஆறுது.”

“எனக்கு வேண்டாம்.”

“என்ன கறியெண்டு கேளுங்கோவன்.”

“எதெண்டாலும் வேண்டாம்.”

தேவராசா மறுபடி தண்ணீரைத் திறந்தார்.

“உங்கடை தம்பி ரெலிபோன் அடிச்சவன்” என்றான் வாசுதேவன் கதவுக்கு வெளியே நின்று. “அவை நேற்றும் வந்தவையாம். இந்த முறை கேள்வி கேக்கேல்லையாம். வீட்டைச் சுத்திப் பாத்துப்போட்டுப் போட்டினமாம். உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டவன்.”

தண்ணீர் நின்றது.

ஜூன் மாதம் முடிவைச் சொல்லக் கூப்பிட்டார்கள். ஹாலோவே புதுக் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். அலமாரியில் ஒரு கண்ணாடிக் கேடயம். சான்று மதிப்பீட்டில் புத்தாக்கத்துக்கான விருது. அது தேவராசாவின் கோப்புக்காகத்தான் கிடைத்தது என்றும், அதனால் இந்த வெற்றியில் அவருக்கும் பங்குண்டு என்றும் ஹாலோவே சொன்னார். எழுந்து கைகுலுக்கினார்.

அறிக்கை நாற்பத்திரண்டு பக்கம். பன்றியைப் பற்றிப் பதினெட்டு. அதன் வயது, வளர்ந்த பண்ணை, தீனி, கடைசி நாட்களில் அது அனுபவித்த அமைதி எல்லாம் இருந்தன. தேவராசாவைப் பற்றி இரண்டரைப் பக்கம். ‘சூழல் பொறுப்பு’ என்ற பகுதியில், சோதனைக்குப் பயன்பட்ட உடல் வீணாக்கப்படவில்லை, ஊழியர்களின் கோடை விருந்தில் வாட்டப்பட்டது என்று எழுதியிருந்தது.

ஹாலோவே நிதானமாக விளக்கினார்.

“முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுடைய தழும்பை நாங்கள் முழுமையாக ஏற்கிறோம். அது உங்கள் முதுகில் இருக்கிறது என்பதிலும் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. பார்க்க வேண்டியது கருவியை மட்டும்தான். முதல் கருவி திறன் மிக்கது. அதனால் வெட்டப்பட்டவர் இறந்திருக்க வேண்டும். இரண்டாவது கருவி திறன் அற்றது. அதனால் வெட்டப்பட்டவருக்குத் தழும்பே இருக்கக்கூடாது. உங்களுக்குத் தழும்பு இருக்கிறது. நீங்கள் உயிரோடும் இருக்கிறீர்கள். எங்கள் அட்டவணையில் அப்படி ஒரு கட்டம் இல்லை. புதிதாக ஒரு கட்டம் சேர்க்க முடியுமா என்று பேராசிரியரிடம் கேட்டோம். நியாயத்துக்காகக் கேட்டோம். இரு கை வளைவாளின் வரலாற்றில் பாதி வெட்டுக்கு இடமில்லை என்று அவர் எழுதித் தந்திருக்கிறார்.”

சிவரூபினி மொழிபெயர்த்தார். நடுவில் ஒரு முறை தண்ணீர் குடித்தார்.

“மேலும், கருவி உங்கள் வீட்டுக்குச் சொந்தமானது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே வெட்டு உங்கள் சம்மதத்தோடு நடந்திருக்கலாம் என்பதையும் எங்களால் ஒதுக்க முடியவில்லை. இது குற்றச்சாட்டு அல்ல. ஒதுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.”

“அப்ப, ரெண்டாம் மாடி?” என்று கேட்டார் தேவராசா. “தம்பி வீட்டை வாற ஆக்களைப் பற்றி?”

“தழும்பு ஏற்றுக்கொள்ளப்படாததால் அந்தக் கோப்புத் திறக்கப்படாது. திறக்காத கோப்பில் ஆபத்து எதுவும் பதிவாகியிருக்காது. ஆகவே நீங்கள் பாதுகாப்பாகத் திரும்பலாம்.” அவர் ஒரு தாளை எடுத்துத் திருப்பி வைத்தார். “வரும் வியாழக்கிழமை. விமானத்தில் சைவ உணவு கேட்டிருக்கிறோம்.”

தேவராசா தாளைப் பார்த்தார். வாசிக்கவில்லை.

ஹாலோவே கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். ரிஷூப் பெட்டியைத் தள்ளி வைத்தார். அவருடைய கண்கள் உண்மையாகவே ஈரமாக இருந்தன. பரிவு காட்டும் பயிற்சியில் அவருக்கு நல்ல புள்ளி கிடைத்திருக்க வேண்டும்.

“ஆனால் கதவு மூடவில்லை. அதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். புதிய சான்று இருந்தால் எப்போதும் புதிதாக விண்ணப்பிக்கலாம். பழைய தழும்பு மதிப்பிடப்பட்டு முடிந்துவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டாம். அங்கே போன பிறகு, உங்களுக்குப் புதிதாக ஏதாவது நடந்தால், முறையாகப் பதிவு செய்யுங்கள். நல்ல வெளிச்சம். பக்கத்தில் அளவுகோல். திகதி தெரிய வேண்டும். கருவியின் படமும் இருந்தால் நல்லது. இருபத்தெட்டு நாட்களுக்குள் அனுப்பினால், நான் தனிப்பட்ட முறையில் பார்ப்பேன்.”

சிவரூபினி தண்ணீரை எடுத்துக் குடிக்காமலே வைத்தார். ஹாலோவே அவரைப் பார்த்தார். அவர் மேசையைப் பார்த்தபடி, ஒரு சொல்லும் விடாமல் சொல்லி முடித்தார்.

தேவராசா கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கம்போல முதலிலேயே கழற்றச் சொல்லியிருந்ததால் சட்டை மடியில் இருந்தது. வலது கையால் அதை உதறி, இடது கையை முதலில் நுழைத்துப் போட்டுக்கொண்டார். தெறிகளைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் பூட்டினார். அவருக்கு அதற்கு நேரம் எடுக்கும். அவர்கள் காத்திருந்தார்கள்.

“கேட்டுச் சொல்லுங்கோ, தங்கச்சி. இந்த முறை எந்தத் தோளைக் குடுக்கட்டாம்?”